விஸ்கி ஃப்ரூட் கப்: ஜில்லுனு இருக்கும், ஆனா ஜூஸ் இல்ல!

இன்னைக்கு ஃப்ரூட் கப். பேரைக் கேட்டா ஃப்ரூட் சாலட் ஞாபகம் வரும். ஆனா இது இங்கிலாந்துல வெயில் காலத்துல ஜக்கு நிறைய கலந்து, கூட்டமா உட்கார்ந்து குடிக்கிற காக்டெயில்.

இதுல பெரிய பேர் பிம்ஸ். 19ஆம் நூற்றாண்டு லண்டன்ல சிப்பி உணவகம் நடத்தின ஜேம்ஸ் பிம் ஆரம்பிச்சது. விம்பிள்டன்ல கையில வெச்சிருப்பாங்களே, அது பிம்ஸ் நம்பர் 1. அதுக்கு அடிப்படை ஜின். நம்பர் 2 ஸ்காட்ச்லயும், நம்பர் 5 ரை விஸ்கியிலயும் வந்தது. அந்த ரெண்டையும் எப்பவோ நிறுத்திட்டாங்க. அதனால நாமளேதான் கலக்கணும்.

நாலு பேருக்கான அளவு

விஸ்கி 120 மில்லி, ஸ்வீட் வெர்மூத் 120, ஆரஞ்சு லிக்கர் 40, பிட்டர்ஸ் நாலு சொட்டு. இதை ஜக்குல ஊத்தி, ஆரஞ்சு, வெள்ளரி, ஸ்ட்ராபெர்ரி துண்டுகளைப் போட்டு 20 நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. பழத்தோட வாசனை இறங்க அந்த நேரம் வேணும். பரிமாறும்போது ஐஸ், கடைசியா ஜில்லுனு 700 மில்லி ஜிஞ்சர் ஏல். ஒரே ஒரு தடவை மெதுவா கிண்டினா போதும், இல்லன்னா கேஸ் போயிடும். புதினாவைக் கசக்காதீங்க, கசக்கும். உள்ளங்கையில ஒரு தட்டு தட்டிப் போடுங்க.

ரெசிபியில லெமனேடுன்னு பார்த்தீங்கன்னா எலுமிச்சை ஜூஸ்னு நினைச்சுக்காதீங்க. பிரிட்டன்ல அது ஸ்ப்ரைட் மாதிரி கேஸ் உள்ள பானம். விஸ்கிக்கு எனக்கு இஞ்சிதான் பிடிக்கும். பீப்பாயில இருந்து வர்ற வெனிலா வாசனையோட இஞ்சியும் ஆரஞ்சும் அழகா சேரும். புகை வாசனை தூக்கலா இருக்கிற ஸ்காட்ச் மட்டும் வேண்டாம். வெள்ளரி காணாமப் போயிடும்.

இப்போ முக்கியமான கணக்கு

விஸ்கியும் லிக்கரும் 40%, வெர்மூத் 16%னு வெச்சுக்குவோம். மொத்தம் சுமார் 83 மில்லி சுத்தமான ஆல்கஹால். நாலா பிரிச்சா ஆளுக்கு 21 மில்லி. அதாவது ஒரு ஸ்மாலை விட நிறைய ஜாஸ்தி, ஒரு லார்ஜுக்குக் கொஞ்சம்தான் கம்மி. நம்ம ஊர் விஸ்கி பெரும்பாலும் 42.8%, அதனால இன்னும் கொஞ்சம் ஏறும்.

ஜக்குல இருக்கிறது கிட்டத்தட்ட 8.5%. சாதாரண 5% பீரை விட வீரியம். ஆனா இனிப்பும் இஞ்சியும் சேர்ந்து அதை நாக்குக்குக் காட்டாது. தாகத்துக்கு ரெண்டு கிளாஸ் உள்ள போனா, அது கிட்டத்தட்ட ரெண்டு லார்ஜ். ஊறின பழத்துலயும் சரக்கு இருக்கு. அதனால குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. கிளாஸை அடிக்கடி நிரப்பிட்டே இருக்காதீங்க, முடிஞ்சப்புறம் ஊத்துங்க. அப்பதான் எத்தனைன்னு எண்ண முடியும். பக்கத்துல தண்ணி பாட்டிலும் வைங்க.

வண்டி ஓட்டுறவங்களுக்கும் குடிக்காதவங்களுக்கும் தனி ஜக்கு: ஸ்ட்ராங்கா போட்டு ஆற வெச்ச கட்டஞ்சாயா, ஆரஞ்சு ஜூஸ், ஜிஞ்சர் ஏல், அதே பழங்கள். விஸ்கி குடுக்கிற அந்தத் துவர்ப்பை டீ குடுத்துடும். பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும், அதனால ஜக்குல மறக்காம லேபிள் ஒட்டிடுங்க.