வெட்கம் மறைத்து வைக்கும் கட்டி



இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். 2022 ஆம் ஆண்டில் உலகளவில் சுமார் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. சுமார் 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இதனால் மரணித்தனர். ஆயினும் எமது வீடுகளில் இந்நோயின் பெயரை உச்சரிக்கவே தயங்குகின்றோம்.

ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பதே இந்நோயின் பெரிய ஏமாற்று. நோவு இருந்தால்தான் நோய் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நள்ளிரவிலும் வைத்தியசாலைக்கு ஓடும் தாய், தனது மார்பில் தட்டுப்படும் சிறு கட்டியைப் பற்றிக் கணவரிடம்கூடச் சொல்வதில்லை. நோன்பு கழியட்டும், மகளின் கலியாணம் முடியட்டும் என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் சிறிய சத்திரசிகிச்சையுடன் முடிந்திருக்கக்கூடிய நோய் எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவிவிடலாம்.

கட்டி மட்டுமே அடையாளமன்று. தோல் தோடம்பழத் தோலைப் போன்று குழிவிழுதல், முலைக்காம்பு புதிதாக உள்ளிழுக்கப்படுதல், அதிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிதல், ஆறாத புண், அக்குளில் வீக்கம் ஆகியனவும் கவனிக்கப்பட வேண்டியவை. யுவதிகளே, அஞ்ச வேண்டாம். மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. ஆனால் அதை ஸ்கேன் பரிசோதனையும், தேவையெனில் ஊசி மூலம் இழையம் எடுத்துச் செய்யும் சோதனையுமே தீர்மானிக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமியல்ல. ஊசி குத்தினால் நோய் பரவும் என்பதும் வெறும் கதையே.

இருபது வயதைக் கடந்த பெண்கள், மாதவிடாய் முடிந்து சில நாட்களின் பின் மாதம் ஒரு முறை தம்மைத் தாமே பரிசோதிக்கலாம். முதலில் கண்ணாடி முன் நின்று பார்க்க வேண்டும். பின்னர் நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால் காறை எலும்பு முதல் அக்குள் வரை தடவிப் பார்க்க வேண்டும். வழமையான நிலை எதுவெனத் தெரிந்திருந்தால்தான் மாற்றம் புலப்படும்.

ஹயா ஈமானின் ஓர் அங்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் பராமரிக்கப்பட்டது ருபைதா (ரழி) என்ற பெண்மணியின் கூடாரத்திலாகும். பெண் வைத்தியர் இருந்தால் அவரை நாடுங்கள். இல்லையெனில் கணவரோ உம்மாவோ அருகிலிருக்க ஆண் வைத்தியரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஓதிப் பார்ப்பவர்கள் ஓதிக்கொண்டே வைத்தியரிடமும் செல்லட்டும்.

ஆண்களே, இது உங்களுக்கும் உரியது. இந்நோய்க்கு ஆளாகும் 100 பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். முலைக்காம்பின் கீழ் கட்டி தோன்றினால் கொழுப்பு என்று விட்டுவிடாதீர்கள். பரம்பரையாக வரும் மரபணுக் குறைபாடு வாப்பாவின் வழியாகவும் பிள்ளைகளைச் சென்றடையும். எனவே மாமியோ சாச்சியோ இந்நோய்க்கு ஆளாகியிருந்தால் அதை மறைக்காமல் வைத்தியரிடம் கூறுங்கள். குடும்பத்தில் எவருக்கும் இல்லை என்பதும் பாதுகாப்பல்ல. நோயாளிகளில் பெரும்பாலானோர் அத்தகையவர்களே.

1996 ஆம் ஆண்டு முதல் நாட்டில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. உங்கள் பகுதியில் அது நடைபெறும் நாளைக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம்.