'சாங்ஷன்': இசைவும் தண்டனையும் ஏந்திய ஒரு சொல்

பிறமொழி நூலைப் படிக்கும்போது அருஞ்சொற்களைக் கண்டு நாம் தயங்குகிறோம், அகராதியைப் புரட்டுகிறோம், அறிந்தோரைக் கேட்கிறோம். அதனால் அருஞ்சொற்கள் நம்மைப் பிழைக்கு உள்ளாக்குவது குறைவு. நன்கு தெரிந்தது என்று நாம் எண்ணிக் கடந்து போகும் எளிய சொற்களே பெரும்பாலும் பொருளைத் திரித்து விடுகின்றன. அத்தகைய ஆங்கிலச் சொற்களுள் 'சாங்ஷன்' தலையாயது.

இச்சொல்லை அறியாத தமிழர் இல்லை எனலாம். வங்கியில் கடன் 'சாங்ஷன்' ஆகிறது. அலுவலகத்தில் விடுப்பு 'சாங்ஷன்' ஆகிறது. ஊருக்குப் பாலம் 'சாங்ஷன்' ஆகிறது. இங்கெல்லாம் அதன் பொருள் ஒப்புதல். ஆனால் ஈராக், ஈரான், ரஷ்யா முதலிய நாடுகள் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் இதே சொல் தண்டனையைக் குறிக்கிறது. பாதுகாப்பு அவை ஒரு தாக்குதலை 'சாங்ஷன்' செய்தது என்றால் அதற்கு இசைவளித்தது என்று பொருள். அதே அவை ஒரு நாட்டை 'சாங்ஷன்' செய்தது என்றாலோ அந்நாட்டைத் தண்டித்தது என்று பொருள். வினை ஒன்றே; செயப்படுபொருள் மாறியதும் பொருள் தலைகீழாகிறது. இது எவ்வாறு நேர்ந்தது?

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'சான்கிரே' என்னும் வினைக்கு, ஒன்றைச் சமயச் சடங்கால் மீறவொண்ணாததாக ஆக்குதல் என்பது பொருள். புனிதர் எனப் பொருள்படும் 'செயின்ட்', புகலிடம் எனப் பொருள்படும் 'சாங்சுவரி' ஆகிய ஆங்கிலச் சொற்களும் இவ்வேரிலிருந்து கிளைத்தவையே. கி.பி. 533-இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட 'இன்ஸ்டிட்யூட்ஸ்' என்னும் சட்டப் பாடநூல் இதற்குத் தெளிவான விளக்கம் தருகிறது. நகரத்தின் மதில்களும் வாயில்களும் மீறவொண்ணாதவை. அவற்றுக்கு எதிராகக் குற்றம் புரிவோர்க்கு மரண தண்டனை உண்டு. ஆகவேதான் மீறுவோர்க்குத் தண்டனை விதிக்கும் சட்டப் பகுதியும் 'சாங்க்டியோ' எனப்படுகிறது என்பது அந்நூலின் விளக்கம்.

இம்மதில் உவமையை மனத்திற் கொண்டால் இருபொருளும் ஒரே இடத்திலிருந்து பிறந்தமை விளங்கும். மதில் தன்னுள் இருப்பதைக் காக்கிறது. தன்னை மீறுவோரைத் தடுக்கிறது. ஒரு செயலுக்குச் சட்டத்தின் காவலை அளித்தால் அது இசைவு. சட்டத்தை மீறியவர் மீது அதன் வலிமையைச் செலுத்தினால் அது தண்டனை.

ஆங்கிலத்தில் இச்சொல் 16-ஆம் நூற்றாண்டில் சட்டம், ஆணை என்னும் பொருளில் நுழைந்தது. புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் தம் ஆட்சிப்பகுதிகள் மகளுக்கும் உரியவாகலாம் என 1713-இல் பிறப்பித்த ஆணை 'பிராக்மாடிக் சாங்ஷன்' என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. 18-ஆம் நூற்றாண்டில் அது வினைச்சொல்லாகி, ஒப்புதல் அளித்தலைக் குறித்தது. நாடுகளைத் தண்டித்தல் என்னும் பொருள் 20-ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. 1935-இல் எத்தியோப்பியாவின் மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக உலக நாடுகள் சங்கம் எடுத்த பொருளாதார நடவடிக்கைகள் இப்பெயரை உலகறியச் செய்தன. போருக்கு இன்றியமையாத எண்ணெயை அந்நடவடிக்கைகள் தொடவில்லை. 1936 ஜூலையில் அவை கைவிடப்பட்டன.

இவ்விரு பொருள்களுக்கும் இடையே சட்டத் தத்துவத்திற்குரிய மூன்றாம் பொருள் ஒன்றும் உண்டு. ஆங்கிலேய அறிஞர் ஜெரமி பெந்தம் 1789-இல் வெளியிட்ட நூலில், மனிதரை ஒரு நெறிக்குக் கட்டுப்படச் செய்யும் இன்ப துன்பங்களின் ஊற்றுகளை 'சாங்ஷன்' என்றழைத்தார். இயற்கை, அரசு, சமுதாயம், சமயம் என அவற்றை நான்காகவும் வகுத்தார். அவர் கூறும் சமய 'சாங்ஷன்' என்பது இறைவனிடமிருந்து இம்மையிலோ மறுமையிலோ எதிர்பார்க்கப்படும் நற்கூலியும் தண்டனையும் ஆகும். இன்றைய கட்டுரையாளர் ஒருவர், ஒரு வன்செயலுக்கு 'மார்க்கத்தின் சாங்ஷன் இல்லை' என்று எழுதினால், மார்க்கம் அதனை அனுமதிக்கவில்லை என்பதே அவர் கருத்து. பெந்தமின் பொருளில் அதனைப் படிப்பவரோ, அச்செயலுக்கு மறுமையில் தண்டனை இல்லை என்று கொண்டுவிடக்கூடும். ஒரு சமயத்தைப் பற்றிய மதிப்பீடே இங்கு ஒரு சொல்லைச் சார்ந்து நிற்கிறது.

அரபு மொழியோடு பழகிய நமக்கு இத்தகைய சொற்கள் புதியன அல்ல. 'ஹா-ரா-மீம்' என்னும் வேரை நோக்குவோம். விலக்கப்பட்டது 'ஹராம்', மக்காவின் புனித எல்லை 'ஹரம்', அங்குள்ள பள்ளி 'மஸ்ஜிதுல் ஹராம்', கண்ணியம் 'ஹுர்மத்', ஹஜ்ஜுக்குப் பூணும் நிலை 'இஹ்ராம்', போர் விலக்கப்பட்ட புனித மாதங்கள் நான்கினுள் ஒன்று 'முஹர்ரம்'. புனிதமும் தடையும் இங்கே ஒரே வேரில் கிளைக்கின்றன. ஹரம் எல்லைக்குள் வேட்டையாடுதல் கூடாது. தானே வளர்ந்த மரத்தை வெட்டுதல் கூடாது. அத்தடைகளே அவ்விடத்தின் கண்ணியத்தைக் காக்கும் மதில்கள். இலத்தீனும் அரபும் வேற்றுக் குடும்பத்து மொழிகள்; சொற்களுக்கிடையே உறவில்லை. எனினும் மீறவொண்ணாமை என்னும் கருத்து இரண்டிலும் ஒரே வகையாகத் தொழிற்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

எதிரெதிர்ப் பொருள் தரும் சொற்களை அரபு இலக்கண அறிஞர்கள் 'அள்தாத்' என்று வகைப்படுத்தித் தனி நூல்களே இயற்றினர். ஹிஜ்ரி 328-இல் மறைந்த இப்னுல் அன்பாரீயின் நூல் அவற்றுள் புகழ் பெற்றது. இத்தகைய சொற்கள் குழப்பத்தையே தரும் என்று குறை கூறியோர்க்கு அவர் அதன் முகப்பிலேயே விடையளிக்கிறார். பேச்சின் ஒரு பகுதி மற்றொரு பகுதியைத் திருத்தி உறுதி செய்கிறது. முதலும் முடிவும் இணைந்த பின்னரே சொல்லின் பொருள் நிறைவடைகிறது என்பது அவர் விடையின் சாரம். அல்பகரா அத்தியாயத்தின் 228-ஆம் வசனத்தில், மணவிலக்குப் பெற்ற பெண்ணின் இத்தாவைக் கணக்கிட வரும் 'குரூஉ' என்னும் சொல்லும் இவ்வகையினதே. அதனை மாதவிடாய் என்று ஹனஃபீ அறிஞர்களும், தூய்மைக் காலம் என்று ஷாஃபிஈ அறிஞர்களும் கொண்டனர். ஒரு பெண் எந்நாளில் மறுமணம் புரியலாம் என்பதே அச்சொல்லின் பொருளைச் சார்ந்துள்ளது. ஆகவே சொல்லாராய்ச்சியை வெறும் ஏட்டு விளையாட்டாக நம் முன்னோர் ஒருபோதும் கருதவில்லை.

தமிழிலும் இதற்கு இணை உண்டு. 'விலக்கு' என்னும் சொல்லைக் காண்போம். மதுவிலக்கு என்றால் மது தடுக்கப்படுகிறது. வரிவிலக்கு என்றால் வரி செலுத்தும் கடமையிலிருந்து ஒருவர் விடுவிக்கப்படுகிறார். ஒன்று கட்டு, மற்றொன்று விடுதலை. எனினும் மதுவிலக்கு அறிவிக்கப்பட்டதும், மதுவுக்குச் சலுகை கிடைத்ததாக எவரும் மகிழ்வதில்லை. தாய்மொழியில் சூழலே நமக்குப் பொருளை உணர்த்திவிடுகிறது. பிறமொழியில் அவ்வுணர்வு தானே வராது, முயன்று பெறவேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்திலிருந்து ஒரு சான்று காட்டலாம். பொது ஊழியர் ஒருவர் தம் அலுவற் கடமையின்போது செய்ததாகக் கூறப்படும் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள, அரசின் முன் அனுமதி தேவை. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-ஆம் பிரிவு இதனைக் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் இது 218-ஆம் பிரிவு. 120 நாள்களுக்குள் அரசு முடிவெடுக்காவிடில் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்பது அதில் புதிதாகச் சேர்ந்தது. இவ்வனுமதியே ஆங்கிலத்தில் 'சாங்ஷன்'. ஓர் அதிகாரி மீது 'சாங்ஷன்' மறுக்கப்பட்டது என்ற செய்தியை, அவருக்குத் தண்டனை மறுக்கப்பட்டது என்று பெயர்த்தால், விசாரணையே தொடங்காத வழக்கு விசாரித்து முடிந்ததாகிவிடும். நீதி கேட்டு நிற்கும் குடும்பத்துக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

உலக அரங்கில் இச்சொல்லின் இருமுகங்களையும் ஒருங்கே கண்ட நாடு ஈராக். 1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. ஆகஸ்ட் 6-இல் பாதுகாப்பு அவை தன் 661-ஆம் தீர்மானத்தால் அந்நாட்டின் வணிகத்தை முடக்கியது. இது தண்டனைப் பொருளிலான 'சாங்ஷன்'. அதே ஆண்டு நவம்பர் 29-இல் நிறைவேறிய 678-ஆம் தீர்மானம், தேவையான எல்லா வழிகளையும் கையாள உறுப்பு நாடுகளுக்கு அனுமதியளித்தது; இது இசைவுப் பொருளிலான 'சாங்ஷன்'. முன்னது ஈராக்கின் மீது. பின்னது போரின் மீது.

தண்டனை 2003 மே 22 வரை, ஏறத்தாழ 13 ஆண்டுகள் நீடித்தது. மருந்துக்கும், மனிதாபிமானச் சூழலில் உணவுக்கும் தீர்மானத்திலேயே விதிவிலக்கு இருந்தது. ஆயினும் எண்ணெய் விற்க முடியாத நாட்டுக்கு அவற்றை வாங்கப் பொருள் ஏது? உணவுக்கு எண்ணெய் என்னும் திட்டம் 1995-இல் தீர்மானிக்கப்பட்டும், அதன்படி முதல் உணவு ஈராக்கை அடைந்தது 1997-இல்தான். அங்கு ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளுக்குத் தலைமை தாங்கிய டெனிஸ் ஹாலிடே 1998-இலும், அடுத்து வந்த ஹான்ஸ் ஃபான் ஸ்போனெக் 2000-இலும் இத்தண்டனையின் விளைவுகளைக் கண்டித்துப் பதவி துறந்தனர். இறந்த குழந்தைகளின் தொகையாக அந்நாளில் பரவிய பேரெண்கள் மிகையானவை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும் எளிய மக்களின் துயர் மெய்யானது என்பதில் ஐயமில்லை.

இந்நடவடிக்கைக்கு வழங்கிய பெயர்களைச் சற்றே ஒப்பிடுவோம். ஐ.நா. சாசனத்தின் 41-ஆம் பிரிவு அதனை நடவடிக்கைகள் என்று மட்டும் கூறுகிறது. ஆங்கில ஏடுகள் 'சாங்ஷன்' என்றன. அரபு ஏடுகள் தண்டனைகள் எனப் பொருள்படும் 'உகூபாத்' என்றன. ஈராக்கிய மக்களோ 'ஹிஸார்', அதாவது முற்றுகை, என்றனர். தமிழ் ஏடுகள் பொருளாதாரத் தடை என்றன. செயல் ஒன்று, பெயர்கள் ஐந்து. மேலிருந்து ஆணையிட்டவர்க்கு அது நடவடிக்கை. கீழே அதனைத் தாங்கியவர்க்கு அது முற்றுகை. புனிதத்தின் வேரிலிருந்து பிறந்த சொல், தன்னைக் கையாள்வோரின் செயலுக்கும் சட்டத்தின் கண்ணியத்தைத் தந்துவிடுகிறது.

ஆகவே இச்சொல்லை எதிர்கொள்ளும்போது சில குறிப்புகள் உதவும். பன்மையில் வந்து, ஒரு நாட்டின் மீதோ ஆளின் மீதோ என்று தொடர்ந்தால் அது தண்டனை. ஒருவருடைய 'சாங்ஷன்' பெற்று என்று ஒருமையில் வந்தால் ஒப்புதல். கடன், பணியிடம், திட்டம், வழக்குத் தொடர்தல் ஆகியவற்றோடு இணைந்தால் அனுமதி. சட்டத் தத்துவ நூல்களில் வந்தால், சட்டத்துக்குப் பின்னின்று அதனைக் கடைப்பிடிக்கச் செய்யும் விளைவு. இவற்றாலும் ஐயம் தீராவிடில், யார், எதனை, யார் மீது செய்தார் என்று கேட்டு, அச்செயலையே தெளிவான தமிழில் எழுதிவிடலாம். வணிகத்தை முடக்கினர், சொத்தை உறையச் செய்தனர், பயணத்தைத் தடுத்தனர் என்று எழுதும்போது, செய்தவரும் தெரிவர். அச்செயலைச் சுமந்தவரும் தெரிவர்.