மலை வாவிகளும் உறைபனியும்

தை, மாசி மாதங்களில் நுவரெலியாவுக்குச் சென்ற நம் மாணவர் சிலர், விடியற்காலையிற் புற்றரைமேல் வெண்பூச்சுப்போற் படிந்த உறைபனியைக் கண்டிருப்பர். தேயிலைக் கொழுந்து கருகிவிடுமேயென்று தோட்டத்தார் அஞ்சுவதும் அக்காலத்திலேதான். ஆயினும் அங்குள்ள கிரகரி வாவி உறைவதில்லை. அவ்வூர் கடன்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. சுவிற்சர்லாந்தின் சென் மொரிற்சு வாவியோ 1,768 மீற்றர் உயரத்திலிருந்தும் மாரியில் உறைகின்றது. 1907 தொடக்கம் அப்பனிக்கட்டியின்மேற் குதிரைப் பந்தயமும் நடத்தி வருகின்றனர். தாழ்ந்தது உறைய, உயர்ந்தது உறையாதிருப்பதேன்?

நிலத்தின் மேற்படை மாத்திரம் ஓரிரவிற் குளிர்ந்தால் உறைபனி படிந்துவிடும். நீரின் செய்தி வேறு. மேற்பரப்பு நீர் குளிருந்தோறும் கனமாகிக் கீழிறங்க, கீழ்நீர் மேலெழும். வாவி முழுவதும் 4 பாகையை அடைந்த பின்னரே இச்சுழற்சி ஓய்ந்து, மேற்படை சுழியத்தை நோக்கிக் குளிரும். அதன் பின்னும் ஒவ்வொரு கிராம் நீரும் உறைதற்கு 80 கலோரி வெப்பத்தைக் கைவிடல் வேண்டும். ஏழாம் அகலக்கோட்டுக்கு அண்மையில் தை மாதத்து நண்பகற் சூரியனும் உயர்ந்து நின்று, இரவு செய்த வேலையை அழித்துவிடுகின்றது.

இனி, உறையும் வாவிகளும் ஆண்டுதோறும் ஒரே அளவில் உறைவதில்லை. காசுமீரத்துத் தால் ஏரியை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 21 இல் தொடங்கும் நாற்பது நாட் கடுங்குளிரை அந்நாட்டார் 'சில்லை கலான்' என்பர். 2021 சனவரித் தொடக்கத்தில் அங்கே மழைப்பனி மிகுதியாகப் பொழிந்து ஓய்ந்தது, வானம் தெளிந்தது. 14 ஆந் திகதி சிறிநகரில் வெப்பநிலை சுழியத்தின் கீழ் 8.4 பாகைக்கு இறங்கிற்று. முப்பது ஆண்டுகளிற் காணாத குளிர் என்றனர். ஏரியின் மேற்பரப்பும் உறைந்தது.

அம்மழைப்பனியைக் கொணர்வன மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து மேலைக்காற்றோடு வரும் தாழமுக்கங்கள். அவற்றின் போக்கையோ தொலைவிலுள்ள சமுத்திரங்கள் ஆளுகின்றன. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை அவதான நிலையங்களுக்குத் தலைவராயிருந்த சேர் கில்பேட் உவாக்கர் பருவமழையை முன்னறியும் வழியைத் தேடியவர். அத்தேட்டத்திற் கிடைத்தவற்றுள் இரண்டு ஈண்டு வேண்டற்பாலன. கீழைப் பசிபிக்குக்கும் அவுத்திரேலியப் புறத்துக்குமிடையே வளியமுக்கம் தராசுத் தட்டுப்போல் ஏறியிறங்குவது தென்னலைவு. அசோர்சுத் தீவுகளுக்கும் ஐசுலாந்துக்குமிடையே அவ்வாறு நிகழ்வது வட அத்திலாந்திக்கு அலைவு.

பின்னது ஓங்கிய மாரிகளில் ஆசியாவின் மேலைக்காற்றுத் தாரை வலுப்பெற, மேற்கு இமயத்திற் பொழிவு மிகுதல் பெரும்பாலும் காணப்படுகின்றது. கீழைப் பசிபிக்கு நீர் வெப்பமுறும் எல் நினோ மாரிகளிலும் அவ்வாறே. ஆயின் 2021 மாரியில் நிலவியது அதற்கு எதிரான லா நினா. இருந்தும் பனி பொழிந்தது! வாய்பாடு எழுத விரைவோர் இதனை நினைவிற் கொள்க. மேலும், பொழிவு மிகுந்தாற் பனிக்கட்டி தடிக்குமென்றுங் கொள்ளற்க. முகில் இரவிற்குப் போர்வை. பனிக்கட்டியின்மேல் விழுந்த மழைப்பனியும் நீரின் வெப்பத்தைக் காக்கும் போர்வையே. அதுவே வசந்தத்தில் வெயிலைத் திருப்பியனுப்பி உருகலைப் பிற்படுத்தும். உயரமும் குறுக்கிடுகின்றது: இலடாக்கின் பங்கொங் ஏரி உவர்நீர் கொண்டதாயினும் 4,200 மீற்றருக்கு மேலிருத்தலின் மாரியில் முற்றும் உறைகின்றது.

சென் மொரிற்சிற் பனிக்கட்டி உடையும் நாளை 1832 முதல் குறித்து வைத்திருக்கின்றனர். அலைவுகள் அந்நாளை ஆண்டுக்காண்டு முன்னும் பின்னும் அசைக்க, புவி வெப்பமாதல் அதனை முன்னோக்கியே தள்ளி வந்துள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறிய அத்தகைய நெடுங்குறிப்பே உதவுகின்றது. அதனைத் தொடங்கியோர் அலைவுகளைக் கேட்டறியாதவர். உவாக்கர் பிறந்ததே 1868 இல்.