புது விருந்தாளியின் முதல் வாரம்

பழங்காநத்தத்துச் சந்துகளில் பல வீடுகள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்மல் கேட்கும். இப்படிப்பட்ட தெருவுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தால், அந்தச் சமாசாரத்தை யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்கு அதுவே ஊருக்கெல்லாம் சொல்லிவிடும்!

சிரிப்புக்கு இடமான விஷயந்தான். ஆனால், பல நாய்க்குட்டிகளின் தலையெழுத்து நிர்ணயமாவது இந்த முதல் வாரத்தில்தான். ஆசை ஆசையாய்க் கொண்டு வந்தவர்களே, நாலு நாள் தூக்கம் கெட்டதும், "கொண்டு போய் எங்கேயாவது விட்டுவிட்டு வா" என்கிறார்கள். எங்கேயாவது என்றால் தெருமுனை. தாயும் இல்லை, வீடும் இல்லை. அந்தக் குட்டி என்ன செய்யும்?

அதனால், குட்டி வருவதற்கு முன்பே வீட்டார் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசிவிடுங்கள். சாதம் வைப்பது யார், வெளியே அழைத்துப் போவது யார், தரையைத் துடைப்பது யார்? "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அம்மா!" என்று குழந்தைகள் சத்தியம் செய்வார்கள். மூன்றாம் நாள் எல்லாம் உங்கள் தலையில்தான் விடியும்!

எந்தக் குட்டியை வாங்கலாம்? மதுரைக்காரர்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். தென்மேற்கே இருக்கிறது ராஜபாளையம். அந்த ஊர் நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் தபால் தலையே வெளியிட்டார்கள். ஆனால், ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஓடியாட இடம் கேட்கும் ஜாதிகள். ஒண்டுக் குடித்தனத்துக்கு நம் தெருவிலேயே பிறந்த நாட்டுக் குட்டி எவ்வளவோ மேல். சடைசடையாய் ரோமம் தொங்கும் குளிர்தேசத்து நாயைச் சித்திரை வெயிலில் வதைக்காதீர்கள். நமக்கு உடம்பெல்லாம் வேர்த்துச் சூடு தணிகிறது. நாய்க்கு அப்படி இல்லை. பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை ஆற்றிக்கொள்ள வேண்டும்.

எட்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் பல வருஷம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை பழகுவதுதான் நாயின் மனத்தில் ஆழமாகப் பதிகிறது என்று அவர்கள் கண்டார்கள். தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் அது கற்க வேண்டியது பாதி. உங்களிடம் கற்க வேண்டியது மீதி.

முதல் இரவு அது அழுவது பிடிவாதத்தால் அல்ல. நேற்று வரை நாலைந்து உடம்புகளின் கதகதப்பில் தூங்கிய ஜீவன், இன்று தன்னந்தனியாய்க் கிடக்கிறது. அட்டைப் பெட்டி ஒன்றில் பழைய புடவையை மடித்துப் போட்டு, உங்கள் படுக்கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தாய் படுத்திருந்த துணி ஒரு துண்டு கிடைத்தால் அதையும் போடுங்கள். அந்த வாசனை ஆறுதல் தரும். நடு இரவில் முனகினால், வெளியே எடுத்துப் போய்ச் சிறுநீர் கழிக்க வைத்து, கொஞ்சாமல் திரும்பப் படுக்க விடுங்கள். அடிக்காதீர்கள்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். காரியம் முடிந்த கணமே தட்டிக் கொடுங்கள். கூடத்தை நனைத்துவிட்டால், பிறகு மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதில் பயனில்லை. எதற்குத் தண்டனை என்றே அதற்குத் தெரியாது. அப்பா "சிட்" என்றும், பாட்டி "உட்காருடா" என்றும், பையன் "கீழே" என்றும் சொன்னால் பாவம், அது எந்தப் பாஷையைக் கற்கும்? எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள்.

ஆகாரம் முதல் சில நாள் பழைய இடத்தில் தின்றதாகவே இருக்கட்டும். பிறகு மெல்ல மெல்ல மாற்றலாம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாய். பசும்பால் நிறையக் கொடுத்தால் வயிற்றுப்போக்குத்தான். தயிர் சாதம் மட்டும் போதாது. வேகவைத்த முட்டையோ எலும்பில்லாத கறியோ வேண்டும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை நாய்க்கு ஆகாது. பாயசத்தில் மிதக்கிற உலர்ந்த திராட்சையும் இதில் அடக்கம்!

இனி, மறக்கவே கூடாதது தடுப்பூசி. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாக, பதினாறு வாரம் வரை பார்வோ முதலிய நோய்களுக்கு ஊசி போட வேண்டும். வெறிநோய் ஊசி மூன்றாவது மாதத்தில். ஊசிகள் முடியும் வரை தெருமண்ணில் இறக்காமல் இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் சத்தத்தையும் கீரைக்காரியின் குரலையும் பழக்கலாம். வாந்தியும் ரத்தபேதியும் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

குட்டிதானே என்று அதன் பல் பட்டதை அலட்சியம் செய்யாதீர்கள். வெறிநோய் வெளிப்பட்ட பின் பிழைத்தவர்கள் மிகமிக அபூர்வம். பாரிஸில் 1885-ல் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார். நமது குன்னூரில் 1907-லேயே அதற்கென ஒரு நிலையம் அமைந்தது. இன்று ஊசி அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது. கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு, ஓடுகிற நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அங்கே வேலை செய்யா.

ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால், பத்துப் பன்னிரண்டு வருஷம் வாசலில் உங்களுக்காகக் காத்திருக்க ஓர் ஆள் கிடைத்துவிடும். அடுத்த வீட்டு மாமியிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்!