உலரக் கூடாத விதை

நெல் விதையை அடுத்த பட்டம் வரை எப்படிக் காப்பாற்றுகிறோம்? நன்றாகக் காயவைத்து, ஈரம் 12 அல்லது 13 விழுக்காட்டுக்கு இறங்கியதும் மூட்டை கட்டி வைக்கிறோம். காய்ந்த விதைக்குள் உயிர் உறங்குகிறது. ஆனால் எல்லா விதைகளும் இப்படி உறங்குவதில்லை. சில விதைகளைக் காயவைத்தால் அவற்றின் உயிரே போய்விடும். பலாக்கொட்டை அத்தகையது. பழத்திலிருந்து எடுத்த கொட்டைகளில் ஐந்தை உடனே ஊன்றுங்கள். இன்னும் ஐந்தை இரண்டு வாரம் வெயிலில் காயவைத்து ஊன்றுங்கள். வேறுபாடு உங்களுக்கே விளங்கும்.

இப்படிப்பட்ட விதையைக் காட்டில் பறித்துக் கடல் கடந்த நாடுகளுக்கு விற்பது எப்படி? ஒரு சிறு தீவு இதற்கு விடை கண்டது.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில் லார்டு ஹோ தீவு உள்ளது. நீளம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அகலம் அதைவிட மிகக் குறைவு. எரிமலையால் உண்டான இத்தீவில் 'கெந்தியா' என்னும் பனைக் குடும்ப மரம் வளர்கிறது. அதன் அறிவியற் பெயர் ஹோவியா ஃபோர்ஸ்டீரியானா. இயற்கையாக இது வளரும் இடம் உலகிலேயே இந்தத் தீவு ஒன்றுதான். தொடக்கத்தில் குடியேறியவர்கள் இதன் ஓலையால் கூரை வேய்ந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் இதை வீட்டுக்குள் வளர்க்கத் தொடங்கினர்.

வீட்டுக்குள் மரமா என்று வியக்கிறீர்களா? நண்பகல் வெயிலின் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ். சன்னலை விட்டு விலகிய அறை மூலையிலோ சில நூறு லக்ஸ்தான். பெரும்பாலான செடிகள் அங்கே ஒளிச்சேர்க்கையால் ஈட்டும் உணவைவிடச் சுவாசத்தில் செலவழிக்கும் உணவு மிகுதி, ஆகவே வாடிவிடும். கெந்தியாவின் இளஞ்செடி பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்து பழகியது. அதன் செலவு மிகக் குறைவு. எனவே சிறு வருவாயிலும் வாழ்ந்துவிடுகிறது.

முதலில் தீவு மக்கள் விதையைத்தான் கப்பலேற்றினார்கள். இதில் இரண்டு இடர்கள். காய்ந்தால் முளைக்கும் திறன் விரைவில் குறையும். ஈரமாகவே குவித்து வைத்தாலோ, விதைகள் சுவாசித்து வெப்பத்தை வெளிவிடும். ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரக் குவியலின் கன அளவு 1 கன மீட்டர். பரப்பு 6 சதுர மீட்டர். பக்கத்தை 2 மீட்டர் ஆக்குங்கள். கன அளவு 8 மடங்காகிறது. பரப்போ 4 மடங்குதான். வெப்பம் பிறப்பது கன அளவைப் பொறுத்தது. வெளியேறுவது பரப்பைப் பொறுத்தது. ஆகவே குவியல் பெரிதானால் உள்ளே சூடேறும். சூடு ஏறினால் சுவாசம் மேலும் விரைவாகும். அதனுடன் பூஞ்சணமும் சேர்ந்தால் விதைகள் கெடும்.

மூன்றாவது தொல்லையும் உண்டு. சில விதைகள் சில மாதங்களில் முளைக்கும். வேறு சில ஓராண்டுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். குளிர்நாட்டில் வாங்கியவர் அதுவரை கண்ணாடி வீட்டைச் சூடாக்கிக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

1980-களிலிருந்து தீவு வழியை மாற்றிக்கொண்டது. விதைக்குப் பதில் நாற்றாக அனுப்பலானார்கள். காட்டில் பறித்த பழங்களின் விதைகள் தீவின் நாற்றங்காலிலேயே ஊன்றப்படுகின்றன. மிதமான தட்பவெப்பம் கொண்ட அந்தத் தீவில் காத்திருக்கப் பெரிய செலவில்லை. முளைத்த தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சு போன்ற 'பூ' இருக்கிறதல்லவா? பருப்பிலுள்ள உணவை உறிஞ்சி முளைக்கு ஊட்டும் உறுப்பு அது. கெந்தியா விதைக்குள்ளும் இதே வேலை நடக்கிறது.

நாற்று தயாரானதும் பிடுங்கி, வேரை முழுவதும் கழுவிவிடுகிறார்கள். பூச்சி முட்டை, புழு, பூஞ்சை ஆகியவை மண்ணோடு பயணம் செய்யும் என்பதால் பல நாடுகள் பிற நாட்டு மண்ணை உள்ளே விடுவதில்லை. கழுவிய வேருக்கு உறிஞ்ச நீர் கிடைக்காது. இலையோ நீரை இழந்துகொண்டே இருக்கும். எனவே ஈரம் காயாதபடி பொதிந்து அனுப்ப வேண்டும். பொதிக்குள் காற்றின் ஈரப்பதம் உயர்ந்தால் ஆவியாதல் குறையும்.

சரி, விதை முழுவதையும் பறித்துவிட்டால் காடு என்னாவது? ஒரு மரம் தன் வாழ்நாளில் தனக்குப் பதிலாக ஒரே ஒரு மரத்தை வளரவிட்டால் போதும், காடு குறையாது. ஆகவே ஒரு பங்கு விதையை எடுப்பதால் கேடில்லை. ஆனால் பங்கு கேட்பவர்கள் மனிதர்கள் மட்டுமல்லர். 1918-இல் மக்காம்போ என்ற கப்பல் அங்கே தரைதட்டியபோது கருப்பு எலிகள் கரையேறின. சில ஆண்டுகளுக்குள் ஐந்து வகைப் பறவைகள் அழிந்தன. கெந்தியா விதைகளையும் எலிகள் தின்றன. 1982-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அத்தீவில், 2019-இல் நச்சுணவு வைத்து எலிகளை ஒழிக்கும் பெரு முயற்சி நடந்தது. அதன்பின் காட்டுத் தரையில் இளஞ்செடிகள் பெருகின.

கெந்தியா மெல்ல வளரும் மரம். இன்று விதை முளைக்காமல் போனாலும் உச்சியிலுள்ள ஓலைகள் பல பத்தாண்டுகள் பசுமையாகவே தெரியும். குறை வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஒரு காடு நலமாக இருக்கிறதா என்று அறிய அண்ணாந்து பார்த்தால் போதாது, மாணவர்களே. குனிந்து, நிழலில் எத்தனை கன்றுகள் நிற்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.