மழைக்கு முன்பே தோட்டத்தைத் திட்டமிடுங்கள்

யாங்கோனில் வீட்டைச் சுற்றி நாலடி மண் கிடைத்துவிட்டால் நம்மவர்கள் சும்மா இருப்பதில்லை. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, பூஜைக்குச் செம்பருத்தி, மூலையில் இரண்டு வாழை என்று நட்டுவிடுவோம். நல்ல பழக்கம்தான். ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எது எங்கே இருக்க வேண்டும் என்று முதலில் யோசிப்பவர்கள் குறைவு. இந்த ஊரில் அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல, வீட்டுக் குழந்தைகளின் உடல்நலம் சம்பந்தப்பட்டதும்கூட.

காரணம் மழை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால் இங்கே ஏறக்குறைய 2,700. அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். டெங்கு காய்ச்சல் ஏறுவதும் இதே மாதங்களில்தான். 1970-ல் யாங்கோனில் அது முதன்முதலாகப் பெரிய அளவில் பரவியது. அதன்பின் இந்நாட்டை விட்டு அது போகவே இல்லை. அதிகம் பாதிக்கப்படுவோர் சிறுவர் சிறுமியரே.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்து தேங்கிய நீரே அதற்குப் போதும். பூந்தொட்டியின் அடித்தட்டு, வெட்டிய மூங்கிலின் குழி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், சாமி படத்தின் முன் இருக்கும் பூச்சாடி எல்லாம் அதற்கு வீடுதான். முட்டைகளைத் தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிவைக்கும். அவை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இனி திட்டத்துக்கு வருவோம். முதல் கனமழையன்று குடையோடு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். எங்கே நீர் தேங்குகிறது, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடம் என்று பெரிதாக எதுவும் வேண்டாம், அந்தத் தாளே போதும். தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓடும்படி மண்ணைச் சரித்து, வாய்க்கால் வெட்டிய பிறகே செடி வாங்கப் போகலாம். டகோன் பகுதி போல முன்பு வயலாக இருந்த இடங்களில் மண் களியாக இருக்கும். அங்கே முருங்கையையும் கறிவேப்பிலையையும் முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டித்தான் நட வேண்டும். இல்லாவிட்டால் ஆடி மாதத்துக்குள் வேர் அழுகிவிடும். பள்ளமான ஈர இடத்தை வல்லாரைக்கும் வள்ளைக்கீரைக்கும் விட்டுவிடுங்கள். பர்மியர்களும் இவ்விரண்டையும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள், நாற்றுக்கு அலைய வேண்டியதில்லை.

தண்ணீர் டிரம்மைச் செடிகளுக்குள் மறைத்து வைக்காதீர்கள். கண்ணில் படும் இடத்தில், இறுக்கமான மூடியோடு இருக்கட்டும். மூடி இல்லையென்றால் துணியைப் போர்த்திக் கயிற்றால் கட்டலாம். துளசியும் எலுமிச்சைப் புல்லும் இருந்தால் கொசு வராது என்று சிலர் நம்புகிறார்கள். சும்மா வளர்ந்து நிற்கும் செடி கொசுவை விரட்டாது. துளசியை மற்ற நன்மைகளுக்காக வளர்ப்போம்.

மரங்களைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது யாங்கோன் வீதிகளில் பெருமரங்கள் வேரோடு விழுந்து கிடந்ததைப் பலரும் கண்டிருக்கிறோம். உயரமாக வளரும் மரத்தைச் சுவரை ஒட்டி நட வேண்டாம். முருங்கைக் கிளை எளிதில் முறியும். ஆண்டுதோறும் மழைக்கு முன் வெட்டிவிட்டால் கீரையும் கைக்கெட்டும். பங்குனி, சித்திரை வெயிலுக்கு மேற்குப் பக்கம் பந்தல் போட்டுப் புடலையோ அவரையோ படரவிட்டால் அறை சூடு குறையும்.

பூஜைக்கென்று வளர்க்கும் அரளியின் எல்லாப் பாகங்களும் விஷம். மஞ்சள் அரளியின் விதை உயிரையே பறிக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அவை வேண்டாம். செங்கல், விறகு, காய்ந்த இலைக் குவியல்களும் வீட்டருகே கூடாது. எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கண்ணாடி விரியன் கடி இந்நாட்டில் அரிதல்ல. புறநகரில் இருப்பவர்கள் இரவில் டார்ச் இல்லாமல் தோட்டத்தில் இறங்க வேண்டாம்.

நகர நடுவில் மாடி வீடுகளில் வசிப்போருக்குப் பால்கனிதான் தோட்டம். புதினா, கொத்தமல்லி, மிளகாய் தாராளமாக வரும். தொட்டித் தட்டுகளில் மணலை நிரப்பி வைத்தால் நீர் தேங்காது.

இவ்வளவு செய்தும் மழைக்காலத்தில் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் அதிகக் கவனம் தேவை. வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல், சோர்ந்து படுத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.