காஸ் குழாய்க்குள் எந்த இறப்பர்?

பல்லேபொலவிலோ மாத்தளை நகரத்திலோ காஸ் அடுப்புக்குக் குழாய் கேட்டால், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு மூன்றை எடுத்து வைப்பார்கள். விலைதான் வேறு. மலிவானதைக் காட்டி, "இதுவும் அசல் இறப்பர்தான்" என்று கடைக்காரர் சொன்னால், அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 1876இல் ஹெனரத்கொடையில் இறப்பர் மரம் நட்ட நாடு இது. மாத்தளை மாவட்டத்திலும் பால் வெட்டிப் பிழைப்பவர்கள் உண்டு. இயற்கை இறப்பர் என்றாலே தரம் என்று நாம் நினைப்பது இயல்பு. டயருக்கு அது பொருந்தும், சமையல் காஸுக்குப் பொருந்தாது.

சமையல் காஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும். இயற்கை இறப்பரும் அவற்றைப் போலவே ஐதரசனும் காபனும் மட்டும் சேர்ந்த பொருள். இனம் இனத்தோடு சேரும்: இறப்பர் காஸை உறிஞ்சி ஊதும், மெல்ல மெல்ல இளகும், பொருத்திய இடத்தில் பிடி தளரும். நைட்ரைல் என்னும் செயற்கை இறப்பரில் நைதரசன் கலந்திருப்பதால் காஸை அது அவ்வளவாக உள்ளே விடாது. அதனால்தான் நல்ல காஸ் குழாய்களின் உட்படையில் பெரும்பாலும் நைட்ரைல் இருக்கிறது. இரண்டுமே கறுப்பு, இரண்டுமே வளையும். கையால் தடவியோ மணந்து பார்த்தோ யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

செங்கீழ்க் கதிர் நிறமாலைமானி அதைச் சொல்லிவிடும். அகச்சிவப்பு என்றும் அழைக்கப்படும் இந்தக் கதிர் ஒரு பொருளில் படும்போது, அதன் மூலக்கூறுகளில் உள்ள பிணைப்புகள் தமக்கே உரிய அலைகளை மட்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. நைட்ரைல் இருந்தால் சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 2237 அலைகள் என்ற இடத்தில் தெளிவான ஒரு கோடு விழும். இயற்கை இறப்பரின் அடையாளம் 840க்கு அருகே கிடைக்கும். மலிவுக்காகச் சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கலந்திருந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும். நகக்கண் அளவு துண்டு போதும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவின் தோட்டங்களைப் பிடித்தபோது, செயற்கை இறப்பர் செய்ய அமெரிக்கா அவசரப்பட்ட காலத்தில் வளர்ந்த முறை இது.

ஆனால் இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்புக் குழாயில் உள்ள காபன் தூள் கதிரை விழுங்கிவிடும். ஆகவே துண்டைச் சூடாக்கிச் சிதைத்து, வரும் ஆவியைக் குளிர்வித்துப் பரிசோதிப்பார்கள்; ஐஎஸ்ஓ 4650 என்ற சர்வதேச நியமம் இதற்கு இருக்கிறது. உட்படையும் வெளிப்படையும் வேறு வேறு இறப்பராக இருக்கலாம் என்பதால், இரண்டையும் தனித்தனியே பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை இந்தச் சோதனை சொல்லாது, அதற்கு வேறு சோதனை வேண்டும். குற்றம் எப்போதும் குழாயில்தான் என்றும் இல்லை. 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் காஸ் அடுப்புகளும் குழாய்களும் வெடித்தபோது, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பலகே தலைமையிலான குழு, காஸின் கலவை மாற்றப்பட்டதையே முக்கிய காரணமாகக் கண்டது.

வாங்கும்போதே எஸ்.எல்.எஸ். முத்திரையையும் தயாரித்த ஆண்டையும் பாருங்கள். பில்லைக் கட்டாயம் கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். "காஸ் அடுப்புக்கு" என்று சொல்லி வாங்குங்கள். எதற்கென்று சொல்லி வாங்கிய பொருள் அதற்கு உதவாமல் போனால், 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும்.

குழாய் ஊதினாலோ வெடித்தாலோ அதை எறிந்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அந்தத் துண்டு உங்கள் சாட்சி. மண்ணெண்ணெயால் துடைக்காமல் சுத்தமான தாளில் சுற்றி, திகதி எழுதி வையுங்கள். முழுவதையும் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். தீயோ காயமோ ஏற்பட்டிருந்தால் நீங்கள் வெட்டவே வேண்டாம், பொலிசில் முறையிட்டு அப்படியே ஒப்படைத்துப் பதிவுசெய்யுங்கள். இரத்மலானையில் உள்ள இறப்பர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்திலும் இறப்பர்ப் பரிசோதனை பற்றி விசாரிக்கலாம். அனுப்பும் முன் கட்டணத்தையும் தேவையான அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குக் கொடுக்கும் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஆய்வு அறிக்கை வரட்டும் என்று காத்திருந்து இந்தக் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். முறைப்பாட்டை முதலில் கொடுங்கள், அறிக்கையைப் பிறகு இணைக்கலாம். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை அழைத்தால் வழிகாட்டுவார்கள். விசாரணையின் பின் பணத்தைத் திருப்பவோ, பொருளை மாற்றவோ, நட்டஈடு கொடுக்கவோ வியாபாரிக்குக் கட்டளையிடும் அதிகாரம் அதற்கு உண்டு.

சிங்களம் எழுதத் தெரியவில்லையே என்று பல்லேபொலத் தமிழ்க் குடும்பங்கள் தயங்க வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழிலேயே கேட்டுப் பெறலாம்.